பள்ளிக்கூட லீவு வந்த கதை

போன மாதம் என் பழைய தொழிற்சாலையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். நான் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த பணியாளர் பிரிவில் இப்போது அவள் வேலை செய்கிறாள். லீவுப் பதிவுகளை எல்லாம் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"ஆன்டி, சிறப்புப் பள்ளியில படிக்கிற பிள்ளைங்களோட அம்மா அப்பாவுக்குச் சம்பளத்தோட பன்னெண்டு நாள் லீவுன்னு ஒன்னு இருக்கு. முன்ன நான் வேல பாத்த ரெண்டு கம்பெனியிலயும் இப்படி இல்ல. இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள்.

ஐந்து நிமிடத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் சொன்னது பாதிகூட இல்லை என்று தோன்றியது. மீதியை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளிப்படிப்பில் ஐந்தாம் படிவம் முடித்து, தட்டெழுத்துப் படித்து, எழுபதுகளின் நடுவில் கிள்ளானில் இருந்த அந்த ரப்பர் குழாய்த் தொழிற்சாலையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வீடு பிரிக்பீல்ட்ஸில், அப்பாவுக்கு ரயில்வேயில் கொடுத்த குவார்ட்டர்ஸ். காலையில் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர வேண்டும். முதல் மூன்று வருடம் கடிதம் தட்டினேன், கோப்பு அடுக்கினேன். பிறகு லீவு அட்டைகளை என் பொறுப்பில் விட்டார்கள்.

ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு நீல அட்டை இருக்கும். வருடத்தின் எல்லா நாளும் அதில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஆண்டு லீவுக்கு ஓர் எழுத்து, டாக்டர் கொடுக்கும் மருத்துவச் சான்றுக்கு, அதாவது எம்.சி.க்கு, ஓர் எழுத்து, சொல்லாமல் கொள்ளாமல் வராவிட்டால் சிவப்பு மையில் ஒரு சுழி. வருடம் முழுக்க இதைச் செய்தால் ஒரு பழக்கம் வந்துவிடும். அட்டையைப் பார்த்ததும் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது.

எங்கள் மேலாளர் என்சிக் ஜமால்; என்சிக் என்பது மலாயில் மிஸ்டர் மாதிரி. உயரமான மனிதர், குரல் மட்டும் மெல்லியது. சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மேசையில் இருக்கும் பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்குவார். லீவு மனுவில் காரணம் எழுதும் இடத்தில் எல்லாரும் 'குடும்ப வேலை' என்று எழுதுவார்கள். அது அவருக்குப் பிடிக்காது. பக்கத்தில் பென்சிலால் சிறியதாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். எந்தக் குடும்பம், என்ன வேலை என்று தெளிவாக எழுதிக் கொண்டுவந்தால்தான் கையெழுத்து. யாருக்கும் முகம் பார்த்துச் சலுகை காட்டக்கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருப்பதாகச் சொல்வார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், அச்சு இயந்திரப் பகுதியின் சூப்பர்வைசர் மிஸ்டர் யாப் என் மேசைக்கு வந்தார். அவர் வேலைக்குத் தாமதமாக வந்ததே கிடையாது. தன் கீழ் இருக்கும் ஆறுமுகம் என்ற தொழிலாளி திங்கட்கிழமைகளில் அடிக்கடி வராமல் போவதாகவும், அவர் இல்லாவிட்டால் ஓர் இயந்திரம் நிற்பதாகவும் மலாயில் குறைப்பட்டுக்கொண்டார். நான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். ஆண்டு லீவு எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அதன்பிறகு ஒன்றுவிட்டு ஒரு திங்கட்கிழமை எம்.சி. ஏதோ ஒரு கிளினிக்கில் வயிற்றுவலி என்று எழுதி வாங்கியது. நான் அந்தத் தேதிகளை ஒரு தாளில் வரிசையாகத் தட்டி என்சிக் ஜமாலிடம் கொடுத்தேன். கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆறுமுகத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தோட்டத்திலிருந்து கிள்ளானுக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் கூப்பிட்டால் வருவார், யாரோடும் வம்பு கிடையாது. அந்த வருடம் திடீரென்று மீசையை எடுத்துவிட்டார். கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தார்கள். ஏதோ கோயில் வேண்டுதல் என்று நான் நினைத்துக்கொண்டேன். கடிதத்துக்கு ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார்: எனக்கு வயிற்றுவலி. அந்தப் பதிலை என்சிக் ஜமால் ஏற்கவில்லை. உள்விசாரணைக்கு நாள் குறித்தார். பொய்யாக எம்.சி. வாங்கியது நிரூபணமானால் வேலை போய்விடும்.

விசாரணைக்கு முந்திய வாரம், திங்கட்கிழமை, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக நான் லீவு எடுத்திருந்தேன். திரும்பி வந்து அவரை வீட்டில் விட்டுவிட்டு மருந்து வாங்கப் போனேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு வரிசையில், மாடிப்படி ஓரம் ஆறுமுகம் நின்றிருந்தார். ஐந்து வயதுப் பெண்குழந்தை ஒன்றைக் கையில் பிடித்திருந்தார். குழந்தையின் காதிலிருந்து ஒரு வயர் இறங்கி, நெஞ்சில் கட்டியிருந்த சின்னப் பெட்டிக்குப் போனது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

நான் ஏதாவது பேசுவதற்குள், இடைவேளை முடிந்து பிள்ளைகளை அழைக்க மேலேயிருந்து ஓர் ஆசிரியை இறங்கி வந்தார். பெயர் பிலோமினா. நான் குழந்தையின் உறவு என்று நினைத்து, "வாங்க, வாங்க, வீட்டாளுங்க எல்லாரும் வந்து பாக்கணும்" என்று மேலே அழைத்துப் போனார். நானும் பின்னால் ஏறினேன்.

காது கேளாத பிள்ளைகளுக்கான வகுப்பு அது. சின்ன நாற்காலிகள், சுவரில் நீளமான கண்ணாடி. ஆறுமுகம் கால்களை மடக்கி அந்தச் சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். மகள் தேவி பக்கத்தில். இரண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் தன் உதட்டுக்கு முன்னால் ஒரு காகித நாடாவைப் பிடித்து "பா" என்றார். நாடா அசைந்தது. பிறகு குழந்தையின் உதட்டுக்கு முன்னால் பிடித்தார். அசையவில்லை. மறுபடி தன் உதட்டில், மறுபடி அவள் உதட்டில். இருபது முறையாவது இருக்கும். முகத்தில் சலிப்பே இல்லை. ஒரு முறை நாடா லேசாக ஆடியது. அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் யார் என்பதை அந்த நேரம் மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மிஸ் பிலோமினா எனக்கு விளக்கினார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, திங்கட்கிழமை, தாய் தகப்பனில் ஒருவர் வந்து முழுநாளும் கூட உட்கார்ந்து படிக்க வேண்டும். வீட்டில் தொடராவிட்டால் இங்கே செய்வதெல்லாம் வீண். மூன்று முறை வராமல் போனால் அந்த இடம், காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். தேவியின் அம்மா பாக்கியம் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்; ஒருநாள் வராவிட்டாலும் நிறுத்திவிடுவார்கள். அதனால் அப்பா வருகிறார். "மீசை இருந்தா ஒதடு சரியாத் தெரியாது, பிள்ளைக்குக் கஷ்டம்னு ஒருநாள் பொதுவாச் சொன்னேன். அடுத்த தடவ மழிச்சுட்டு வந்து நிக்கிறாரு" என்றார்.

இறங்கும்போது ஆறுமுகம் படிவரை வந்தார். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அலுவலகக் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"கிராணியம்மா, பாத்தது பாத்ததா இருக்கட்டும். அங்க யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

"சொல்லலன்னா வேல போயிரும்ணே. மொதல்லயே மனுவுல எழுதியிருக்கலாம்ல?"

"எழுதுனேன். லீவு தீந்தப்புறம் சம்பளமில்லாத லீவு கேட்டு, குடும்ப வேலன்னு எழுதுனேன். கேள்விக்குறி போட்டுத் திரும்பி வந்துச்சு. என்ன வேலன்னு எழுதுனா நாலு பேரு படிப்பாங்க. முன்ன குடியிருந்த எடத்துல ஒரே ஒரு ஆளுகிட்டத்தான் சொன்னேன். மறுநாள்லேர்ந்து எங்க வீட்டுக்கு ஊம வீடுன்னு பேரு. அதுக்காகவே வீடு மாறினேன். வேல போனா வேற வேல தேடிக்கலாம். அந்தப் பேரு வந்தா போவாதுலா."

விசாரணையில் குறிப்பெடுப்பவள் நான்தான். நான் பார்த்ததைச் சொன்னால், எம்.சி. எடுத்த நாளில் வயிற்றுவலி இல்லாமல் ஊரில் நடமாடினார் என்பதற்கு நானே சாட்சி. அவர் பொய் சொன்னது உறுதியாகிவிடும். சொல்லாவிட்டால், ஏன் பொய் சொன்னார் என்பது யாருக்கும் தெரியாமலே தீர்ப்பு எழுதப்படும். எந்தப் பக்கம் போனாலும் அந்த மனிதனுக்கு என்னால் கெடுதல்தான்.

மறுநாள் காலை என்சிக் ஜமாலிடம் போய், இந்த விசாரணைக்கு என்னால் குறிப்பெடுக்க முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். திங்கட்கிழமை ஆறுமுகத்தை நேரில் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்துச் சீவினார். அப்படியானால் நீ சாட்சி, குறிப்பெடுப்பவள் அல்ல என்றார். பார்த்ததைச் சொல்ல வேண்டும், அதற்குமேல் ஒரு வார்த்தை கூடாது, என்ன பார்த்தாய், எங்கே பார்த்தாய் என்று இப்போது எனக்குச் சொல்லவும் கூடாது என்றார். எனக்கு அது கொடுமையாக இருந்தது. ஆனால் விசாரணைக்கு முன்னால் ஒரு தரப்புக் கதையை மட்டும் கேட்டுவைக்க அவர் விரும்பவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

அவர் விசாரணை நடத்தும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த அறையில் எல்லாருக்கும் ஒரே மாதிரி மர நாற்காலிதான்; தன் சுழல் நாற்காலியை வெளியே தள்ளிவைத்துவிடுவார். குற்றம் சாட்டப்பட்டவர் முன் முதலில் ஒரு தம்ளர் தண்ணீர். குற்றச்சாட்டை மலாயில் வாசிப்பார். ஆளுக்கு மலாய் தெரிந்திருந்தாலும் அவருடைய சொந்த மொழியில் ஒருமுறை சொல்லச் சொல்வார். ஒவ்வொரு பதிலையும் எழுதி, திருப்பி வாசித்துக் காட்டி, "இதுதானே சொன்னீர்கள்?" என்று கேட்ட பிறகே அடுத்த கேள்வி. அவசரம் என்பதே இருக்காது.

அன்று அறையில் ஆறுமுகம், அவருக்குத் துணையாகத் தொழிற்சங்கச் செயலாளர், புகார் கொடுத்த மிஸ்டர் யாப், குறிப்பெடுக்க ஸ்டோரிலிருந்து வந்த ஒரு குமாஸ்தா, நான். யாப் தேதிகளைச் சொன்னார். என் தட்டச்சுத் தாளை வாசித்தார்கள். பிறகு என்னைக் கேட்டார்கள். திங்கட்கிழமை பதினொரு மணிபோல் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிப்படி ஓரம் ஆறுமுகத்தைப் பார்த்தேன், ஒரு குழந்தையோடு இருந்தார் என்றேன்.

அது என்ன இடம் என்று என்சிக் ஜமால் கேட்டார். ஒரு பள்ளி என்றேன்.

என்ன பள்ளி என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆறுமுகத்தைப் பார்த்தேன். அவர் தண்ணீர்த் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்சிக் ஜமால் கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை. காத்திருந்தார்.

"நானே சொல்றேன்" என்று ஆறுமுகம் தமிழில் ஆரம்பித்தார். "எம் மவளுக்குக் காது கேக்காது. அது பேசக் கத்துக்குற எடம். நான் போவலன்னா அதுக்கு அங்க எடமில்ல. வயித்துவலின்னு டாக்டர்கிட்டப் பொய்தான் சொன்னேன். கிராணியம்மா சொன்னது உண்ம."

சங்கச் செயலாளர் மலாயில் மொழிபெயர்த்தார். எழுதி, திருப்பி வாசித்தார்கள். இதுதானே சொன்னீர்கள் என்று கேட்டபோது ஆறுமுகம் தலையாட்டினார். மிஸ்டர் யாப்பிடம், ஆறுமுகத்தை ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, அனுமதி கேட்டு வெளியே போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

தீர்ப்பு மூன்று நாள் கழித்து வந்தது. பொய் சொன்னது குற்றம். அதற்கு ஒருவாரம் சம்பளமில்லாத நிறுத்தம், கடைசி எச்சரிக்கை. வேலை நீக்கம் இல்லை. ஆறுமுகம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு நிம்மதி. ஆனால் என்சிக் ஜமால் என்னைக் கூப்பிட்டு, ஆறுமுகம் திருத்தி எழுதாமல் விட்டதால் கோப்பிலேயே கிடந்த பழைய லீவு மனுக்களை எடுத்துவரச் சொன்னார். தன் பென்சில் கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கு இருந்தன.

"இவரைக் கிளினிக்குக்கு அனுப்பியது நான்தான்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு, நிறுத்தம் முடிந்து வந்ததும் அடுத்த திங்கட்கிழமை இந்த மனிதர் என்ன எழுதிக் கொடுப்பார் என்று கேட்டார்.

அவரே ஒரு புதிய விதியை ஒரு பக்கத்தில் எழுதித் தந்தார், நான் தட்டினேன். சிறப்புப் பள்ளியில் பிள்ளை இருந்து, பெற்றோர் வர வேண்டும் என்று பள்ளி கேட்டால் வருடத்துக்கு ஆறு நாள் சம்பளத்தோடு லீவு. தாய்க்கு மட்டுமல்ல, தகப்பனுக்கும். பள்ளியின் கடிதத்தை மேலாளர் மட்டும் பார்ப்பார். மனுவில் காரணம் எழுத வேண்டியதில்லை, இந்த லீவுக்கான ஓர் எண் போதும்.

இயக்குநர் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளையைப் படிக்கவைப்பது பள்ளியின் வேலை, ஒருவருக்குக் கொடுத்தால் நூறு பேர் வந்து நிற்பார்கள் என்றாராம். லீவு கொடுக்காவிட்டாலும் இவர்கள் அந்த நாளில் வரப்போவதில்லை, வராத நாள் நமக்கு முன்கூட்டியே தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதுதான் கேள்வி என்று என்சிக் ஜமால் பதில் சொல்லியிருக்கிறார். எத்தனை பேர் என்று கணக்கெடுத்து வா, பார்க்கலாம் என்று இயக்குநர் அனுப்பிவிட்டார்.

வேலைக்கு வந்த நேரத்தைப் பதியும் பஞ்ச் கார்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் அறிவிப்பு ஒட்டினோம். இரண்டு வாரம் ஒருவரும் வரவில்லை. என்சிக் ஜமால் குழம்பினார். எனக்குக் காரணம் தெரிந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வர வேண்டுமென்றால் கேண்டீன் முன்னால் நடந்து வர வேண்டும். எல்லார் கண்ணும் படும். அறிவிப்பைக் கழற்றிவிட்டு, லீவு விஷயமாகக் கேட்க வேண்டியவர்கள் எனக்கு ஒரு துண்டுச்சீட்டு போட்டால் போதும், நானே தேடி வருகிறேன் என்று வேறொன்று ஒட்டினேன். பஸ் நிறுத்தத்தில், பெண்கள் உடைமாற்றும் அறையில், ஸ்டோர் பின்பக்கம் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். பேக்கிங் பகுதியில் ஒரு மலாய் அக்காவின் மகனுக்குக் கண் தெரியாது. பத்து வருடமாகப் பக்கத்து மேசையில் இருந்தவருக்கே அது தெரியாது. நூறு பேர் வரவில்லை. ஆறு பேர் வந்தார்கள்.

ஆறாவது ஆள் மிஸ்டர் யாப். ஒருநாள் மாலை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பதினேழு வயதில் ஒரு மகன். புத்தி வளர்ச்சி இல்லை. சிறுவயதில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்து, கூட வந்து உட்கார வேண்டும் என்று கேட்டார்களாம். வேலையை விட்டுப் போக முடியாது என்று அவர் சேர்க்கவில்லை. பையன் வீட்டிலேயே வளர்ந்துவிட்டான். இதை அவர் கணக்குச் சொல்வதுபோல் தட்டையான குரலில் சொன்னார். பெயரை எழுதிக்கொள் என்றார்.

ஆறு பெயர்களோடு போனபோது இயக்குநர் கையெழுத்திட்டார். அடுத்த மாதம் லீவு நடைமுறைக்கு வந்தது. அந்த ஆறு நாளோடு ஆண்டு லீவையும் சம்பளமில்லாத லீவையும் சேர்த்துக்கொண்டு ஆறுமுகம் தொடர்ந்து பள்ளிக்குப் போனார். தேவி அங்கிருந்து பெரிய பள்ளிக்கு மாறி, படித்து, இப்போது பூச்சோங்கில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறாள். அவள் பேசுவது புதியவர்களுக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கும், பழகினால் புரியும்.

என்னை இன்றும் உறுத்துவது வேறு ஒன்று. லீவு வந்த சில வாரத்தில் மிஸ்டர் யாப் மனுவோடு வந்தார். எந்தப் பள்ளி, கடிதம் எங்கே என்று கேட்டேன். பள்ளி இல்லை, இந்த வயதில் எந்தப் பள்ளியும் எடுக்காது, ஒருநாள் மகனை எங்காவது கூட்டிப் போகத்தான் என்றார். விதியில் பள்ளி என்று இருக்கிறது, கடிதம் இல்லாமல் முடியாது என்றேன். என்சிக் ஜமாலிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவர் மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதன்பிறகு தன் கீழ் இருந்தவர்களின் பள்ளிக்கூட லீவு மனுக்களை அவர் ஒருநாளும் தாமதிக்காமல் அனுப்பிவைத்தார்.

சில நாள் கழித்து, பொறுக்க முடியாமல் நான் நடந்ததை என்சிக் ஜமாலிடம் சொன்னேன். நீ செய்தது விதிப்படி சரி என்றார். ஆனால் அதை ஒரு தாளில் எழுதி, சங்கத்தோடு போடும் கூட்டு ஒப்பந்தக் கோப்பில் வைத்துக்கொண்டார். அடுத்த பேச்சுவார்த்தைக்கு இரண்டு வருடம் இருந்தது. அது வந்தபோது ஆறு நாளைப் பன்னிரண்டாக்கச் சங்கம் கேட்டது. கம்பெனி தரப்பிலிருந்து என்சிக் ஜமால் ஒரு திருத்தம் வைத்தார்: பள்ளி, பயிற்சி அல்லது அத்தகைய பிள்ளையின் வேறு தேவை. யாரும் கேட்காமலே கம்பெனி ஒன்றைக் கூட்டிக் கொடுத்ததை என் காலத்தில் அந்த ஒருமுறைதான் பார்த்தேன்.

புதிய ஒப்பந்தத்தில் முதல் மனு மிஸ்டர் யாப்புடையது. ஒரு புதன்கிழமை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவர் பஞ்ச் கார்டு ஒரு மணிநேரம் தாமதம் காட்டியது. மதியம் நானே அவர் பகுதிக்குப் போய், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். இல்லை என்றார். நேற்று மகனை மோரிப் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன், கடலை இதற்குமுன் அவன் பார்த்ததில்லை என்றார். அலையில் கால் வைத்தவன் வெளியே வரவே இல்லையாம். பொழுது சாய்ந்து, தண்ணீர் இறங்கி, சேறு தெரியும்வரை நின்றிருக்கிறான். அப்பாவும் கூடவே தண்ணீரில் நின்றிருக்கிறார்.

இயந்திரச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. அவர் குனிந்து என் காதருகே மலாயில் இன்னொரு முறை சொன்னார்: "வீட்டுக்கு வர மாட்டேன்னுட்டான்."